டேப்லெட் மின்கலத்தின் தேய்மானத்தை அறிதல்: ஒரு வரலாறு

டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியின் மின்கலம் (பேட்டரி) புதிதாக இருந்தபோது ஏற்றுக்கொண்ட மின்னூட்டத்தில் இன்று எத்தனை பங்கை ஏற்கிறது என்பதைக் காட்டும் அளவு மின்கல நலம் எனப்படுகிறது. குறைந்துபோன பங்கு தேய்மானம். 8000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டதாக விற்கப்பட்ட ஒரு டேப்லெட் சில ஆண்டுகளுக்குப் பின் 6400 மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே ஏற்குமானால் அதன் நலம் 80 விழுக்காடு. தேய்மானம் 20 விழுக்காடு.

திரையின் மேல் ஓரத்தில் எப்போதும் தெரியும் விழுக்காட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தூர்வாராத கண்மாய் ஒன்றை நினைத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். மழைக்காலத்தில் கரை தொட்டு நீர் நிற்கும். பார்ப்பவர் கண்மாய் நிறைந்துவிட்டது என்பார். அது பொய்யும் அன்று. ஆனால் அடியில் வண்டல் ஏறிக் கிடப்பதால் தை முடிவதற்குள் தரை தெரிந்துவிடும். மேல் ஓரத்து விழுக்காடு நீர்மட்டத்தைப் போன்றது. மின்கல நலம் வண்டல் போக எஞ்சிய ஆழத்தைப் போன்றது. பாதி தேய்ந்த மின்கலமும் நிறைந்தவுடன் 100 என்றுதான் காட்டும்.

இந்த ஆழத்தை மின்கலமே கணக்கிட்டுத் தன்னுள் எழுதி வைத்துக்கொள்ளும் முறை 1990-களிலேயே வந்துவிட்டது. ஆயினும் ஐபேட் வாங்கிய ஒருவர் அதே கருவியின் அமைப்புகள் பகுதியில் அந்த எண்ணைக் காண 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. அளக்கும் நுட்பம் இல்லாததால் இந்தத் தாமதம் ஏற்படவில்லை. அளந்ததை யாருக்குக் காட்டுவது என்ற கேள்வியே அதன் காரணம்.

அமிலத்தில் மிதந்த குமிழ்

மீண்டும் மின்னேற்றக்கூடிய முதல் மின்கலமான ஈய-அமில மின்கலத்தை 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். அதன் நிலையை அறிவது எளிது. மின்னேறும்போது கந்தக அமிலத்தின் அடர்த்தி கூடும், மின்னிறங்கும்போது குறையும். எனவே நீர்மமானி எனப்படும் ஹைட்ரோமீட்டரால் அமிலத்தைச் சிறிது உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குமிழ் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். முழுதாக மின்னேறிய கலத்தில் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.27 இருக்கும். ஆறு அறைகளில் ஐந்து ஒரே அளவைக் காட்டி ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த அறை கெட்டுவிட்டது என்று பொருள். வீடுகளில் இன்வெர்ட்டருக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வருபவர் இன்றும் இந்தக் கருவியோடுதான் வருகிறார். உரிமையாளர் பக்கத்தில் நின்று தானே குமிழைப் பார்த்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மின்னூட்டத்தை எண்ணிக் கணக்கிடும் எண்ணம் இதைவிடப் பழையது. மின்முனையில் படியும் பொருளின் அளவு அதன் வழியே பாய்ந்த மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1830-களில் நிறுவினார். அரை நூற்றாண்டு கழித்துத் தாமஸ் எடிசன் இதைக் கொண்டே மின்கட்டணம் வசூலித்தார். வாடிக்கையாளர் வீட்டு மீட்டரில் துத்தநாகத் தகடுகள் கரைசலில் தொங்கும். மாதந்தோறும் ஆள் வந்து தகட்டை எடுத்துப் போய் எடை போடுவார். எடை எவ்வளவு மாறியதோ அதற்கேற்பத் தொகை. இன்றைய டேப்லெட்டுக்குள் இருக்கும் சில்லு செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். தகடும் தராசும் மட்டும் இல்லை.

மூடிய உறைக்குள் லித்தியம்

டேப்லெட்டுகளில் இருப்பது லித்தியம்-அயனி மின்கலம். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காமும், 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃபும், 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோவும் செய்த பணிகளின் மேல் எழுந்த இந்த மின்கலத்தை 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் தமிழ்நாட்டின் தென்பகுதிச் சிற்றூரான அமராபுரத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்று, பின்னர் டெக்சஸில் பேராசிரியரான ஆறுமுகம் மந்திரம் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

இந்த மின்கலத்தைத் திறந்து பார்க்க முடியாது. காற்றின் ஈரம் பட்டாலே உள்ளிருக்கும் பொருள்கள் கெடும். எனவே முற்றிலும் மூடப்பட்டிருக்கும். மின்னேறும்போது லித்தியம் அயனிகள் எதிர்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. மின்னிறங்கும்போது நேர்முனைக்குத் திரும்புகின்றன. போய்வரும் வழியில் ஒரு சிறு பங்கு திரும்புவதில்லை. கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகி, மெல்ல மெல்லத் தடித்து, லித்தியத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் முன்னே சொன்ன வண்டல் இதுவே. இந்தப் படலம் இல்லாமலும் முடியாது. தொடக்கத்தில் அதுதான் மின்பகுபொருளைச் சிதையாமல் காக்கிறது. வெப்பம் மிகுந்தாலும், மின்கலம் நெடுநாள் முழுதாக நிறைந்த நிலையிலேயே இருந்தாலும் வண்டல் வேகமாக ஏறும்.

தேய்மானத்தால் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, கொள்ளளவு சுருங்குகிறது. மற்றொன்று, உள்தடை கூடுகிறது. ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது. இரண்டாவது மாற்றம் பின்னால் ஒரு பெரிய வழக்குக்குக் காரணமாயிற்று.

எண்ணும் சில்லு

அமிலம் இல்லை, குமிழும் இல்லை. மின்னழுத்தத்தை மட்டும் வைத்து லித்தியம் மின்கலத்தின் நிலையைச் சொல்வதும் கடினம். நிறைந்தபோது 4.2 வோல்ட் காட்டுவது, இடைப்பட்ட நெடுநேரம் பெரிதாக மாறாமல் நின்று, முடிவில் மளமளவென்று சரியும். எனவே பொறியாளர்கள் ஃபாரடேயின் வழிக்குத் திரும்பினர். மின்கலத்தின் பாதையில் மிகச் சிறிய மின்தடை ஒன்றை வைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே எழும் அழுத்தத்தைக் கொண்டு உள்ளே போகும், வெளியே வரும் மின்னூட்டத்தை ஓயாமல் கூட்டிக் கழிக்கும் சில்லு உருவாயிற்று. வண்டியின் பெட்ரோல் முள்ளைப் போன்றது என்பதால் இதற்கு எரிபொருள்மானி என்றே பெயர்.

1995-இல் டியூராசெல், இன்டெல் நிறுவனங்கள் இணைந்து அறிவார்ந்த மின்கலத்துக்கான தரக்குறிப்பை வெளியிட்டன. மின்கலம் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்ல வேண்டிய செய்திகளை அது வரிசைப்படுத்தியது. வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு, இதுவரை நடந்த சுழற்சிகளின் எண்ணிக்கை, தயாரித்த நாள், வெப்பநிலை ஆகியவை அதில் அடங்கும். தேய்மானத்தைக் கணக்கிடத் தேவையான எல்லாமே அங்கே இருந்தன. முழுக் கொள்ளளவை வடிவமைப்புக் கொள்ளளவால் வகுக்க வேண்டியதுதான் பாக்கி. மறு ஆண்டு வந்த ஏ.சி.பி.ஐ. என்னும் கணினித் தரமும் இவ்விரு கொள்ளளவுகளையும் இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் முறையை வகுத்தது. அதனால் மடிக்கணினி வைத்திருப்போர் சிறிய மென்பொருள் ஒன்றின் துணையோடு மின்கலத்தின் தேய்மானத்தைப் பார்க்க முடிந்தது.

கூட்டிக் கழிக்கும் கணக்கில் ஒரு குறை உண்டு. சிறுசிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். மின்கலத்தை முழுதாக நிரப்பி, முழுதாக இறக்கினால்தான் சில்லு உண்மையான ஆழத்தை மறுபடி கற்றுக்கொள்ளும். மாதம் ஒருமுறை மின்கலத்தை அடியோடு தீர்த்துவிட்டு ஏற்றுங்கள் என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட அறிவுரை இதற்காக வந்தது. அது மின்கலத்தின் நலத்துக்கு உதவாது. அளவியைச் சரிப்படுத்துவதற்கு மட்டுமே உதவும். இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்றும் பலர் தம் டேப்லெட்டைப் பூச்சியம் வரை இறக்குகின்றனர். பின்னர் டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம், ஓய்வில் இருக்கும்போது மின்கலம் காட்டும் அழுத்தத்தையும் உள்தடையையும் சேர்த்து ஆழத்தைக் கணிக்கும் முறையைச் சில்லுகளில் புகுத்தியபின் முழுதாக இறக்க வேண்டிய தேவை பெரிதும் குறைந்தது.

சில்லு சொல்வதை அப்படியே நம்பலாமா என்ற ஐயத்தை 2011-இல் பாதுகாப்பு ஆய்வாளர் சார்லி மில்லர் எழுப்பினார். ஆப்பிள் மடிக்கணினிகளின் மின்கலச் சில்லுகள் தயாரிப்பாளர் வைத்த இயல்நிலைக் கடவுச்சொல்லோடே விற்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். அதைக் கொண்டு உள்ளே நுழைந்து சில்லில் பதிந்த எண்களையும் நிரலையும் மாற்ற முடிந்தது. ஆய்வின் போக்கில் சில மின்கலங்கள் அடியோடு பயனற்றுப் போயின. பழைய மின்கலத்தைப் புதியதுபோல் காட்டச் செய்யலாம் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. பழைய கருவி வாங்குவோர் மறக்கக் கூடாத செய்தி இது.

டேப்லெட் வந்தது, எண் மறைந்தது

2010 ஏப்ரலில் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தது. 25 வாட்-மணி மின்கலம். பத்து மணிநேரம் ஓடும் என்றனர். அன்றைய மடிக்கணினியின் மின்கலத்தைத் தாழ்ப்பாளை நகர்த்திக் கழற்றிவிட முடிந்தது. ஐபேட்டில் அது கண்ணாடிக்குப் பின்னே அடைக்கப்பட்டிருந்தது. மின்கலம் தேய்ந்தால் அப்போது 99 டாலரும் அனுப்புக் கூலியும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆப்பிள் மின்கலத்தை மாற்றாமல் வேறொரு ஐபேட்டையே தந்தது. அதில் உரிமையாளரின் படங்களோ கோப்புகளோ இருக்கவில்லை. மின்கலத்தை மாற்றுவது இத்தனை பெரிய காரியமாகிவிட்டபோது, மாற்றும் காலம் வந்துவிட்டதா என்பதைக் காட்டும் எண் முன்னைவிட முக்கியமாகியிருக்க வேண்டும். ஐபேட்டின் அமைப்புகளில் அது இடம்பெறவே இல்லை.

ஆண்டிராய்டு டேப்லெட்டுகளில் நிலைமை வேறு விதமான ஏமாற்றம். அந்த இயங்குதளத்தில் 2009 முதலே மின்கல நலம் என்ற பெயரில் ஒரு விவரம் இருந்துவந்தது. ஆனால் அது சொல்வது நன்று, சூடேறியது, குளிர்ந்தது, அழுத்தம் மிகுந்தது, செயலிழந்தது என்பன போன்ற சொற்களை மட்டுமே. கொள்ளளவில் கணிசமான பங்கை இழந்த மின்கலமும் நன்று என்றே பதில் தரும். மருத்துவர் நாடியைப் பார்த்து உயிர் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புவதற்கு இது ஒப்பாகும். கைபேசிகளில் நட்சத்திரக் குறியும் 4636-உம் சேர்ந்த இரகசியக் குறியீட்டைத் தட்டி இந்த விவரத்தைப் பார்க்கும் வழக்கம் பரவியது. வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் எண் தட்டும் பலகையே இல்லாததால் அந்தச் சிறு வழியும் அடைபட்டது.

இதற்கிடையே, ஆண்டிராய்டின் அடித்தளமான லினக்ஸ் கருவகத்தில் வடிவமைப்புக் கொள்ளளவுக்கும் முழுக் கொள்ளளவுக்கும் சுழற்சி எண்ணிக்கைக்கும் தனித்தனிக் கோப்புகள் வகுக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றை நிரப்புவது தயாரிப்பாளரின் விருப்பம்; படிப்பதற்கான உரிமை சாதாரணச் செயலிகளுக்குக் கிடைப்பது அரிது. 2014-இல் வந்த ஆண்டிராய்டு 5.0, சில்லு எண்ணும் மின்னூட்டத்தைச் செயலிகள் படிக்க வழி செய்தது. அக்யூபேட்டரி போன்ற செயலிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற எவ்வளவு மின்னூட்டம் புகுந்தது என்று எண்ணி, முழு ஆழம் எவ்வளவு இருக்கும் என்று அவை மதிப்பிடுகின்றன. பல நாள்கள் ஓடவிட்டுச் சராசரி பார்த்தால் இந்த மதிப்பீடு ஓரளவு நம்பத்தக்கது. நிறுவியவுடன் நலம் இத்தனை விழுக்காடு என்று சொல்லும் செயலி எதையும் நம்ப வேண்டாம்.

விண்டோஸ் டேப்லெட்டுகள் மட்டும் மடிக்கணினி மரபைக் கைவிடவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்பதைச் சேர்த்துத் தட்டினால், வடிவமைப்புக் கொள்ளளவும் முழுக் கொள்ளளவும் மில்லிவாட்-மணியில் அறிக்கையாக வந்துவிடும். வாரவாரியாகக் கொள்ளளவு எப்படிக் குறைந்துவந்தது என்பதும் அதில் இருக்கும். இத்தனை ஆண்டுகளில் சாதாரணப் பயனருக்குக் கிடைத்த மின்கல அறிக்கைகளில் இதுவே முழுமையானது என்று சொல்லலாம்.

ஐபேட் வைத்திருந்தோர் சுற்றுவழிகளைத் தேடினர். மேக் கணினியோடு கம்பியால் இணைத்துக் கோகனட்பேட்டரி என்னும் மென்பொருளைத் திறந்தால் கொள்ளளவும் சுழற்சி எண்ணிக்கையும் தெரிந்தன. கணினி இல்லாதவர்கள் தனியுரிமைப் பகுதியில் பகுப்பாய்வுத் தரவு என்ற பட்டியலுக்குள் போய், நீண்ட பதிவுக் கோப்பைத் திறந்து, ஆயிரக்கணக்கான வரிகளுக்கிடையே மின்கலம் பற்றிய வரியைத் தேடினர். எண் அங்கே இருந்தது. ஆப்பிளுக்கு அனுப்பப்படும் கோப்பில் எழுதப்பட்டது, பயனரின் திரையில் எழுதப்படவில்லை.

2017: மெதுவான கைபேசிகள்

மாற்றத்தைத் தொடங்கி வைத்தது டேப்லெட் அன்று, கைபேசி. ஐபோன் 6, 6எஸ் வகைகள் மின்கலத்தில் மிச்சம் இருக்கும்போதே திடீரென்று அணைந்தன. தேய்ந்த மின்கலத்தின் உள்தடை கூடியிருந்ததால், செயலி அதிக மின்னோட்டம் கேட்ட நொடியில் அழுத்தம் சரிந்ததே இதற்குக் காரணம். 2017 ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ். 10.2.1 பதிப்பு, அத்தகைய கருவிகளில் செயலியின் உச்ச வேகத்தைக் குறைத்து இதைத் தவிர்த்தது. பொறியியலாகப் பார்த்தால் இது தவறான தீர்வு அன்று. ஆனால் வேகம் குறைக்கப்பட்டதும், மின்கலத்தை மாற்றினால் அது திரும்பும் என்பதும் பயனருக்குச் சொல்லப்படவில்லை. கைபேசி பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் உண்டு.

அதே ஆண்டு டிசம்பரில், மின்கலம் மாற்றியபின் தம் ஐபோன் வேகமாகிவிட்டது என்று ஒருவர் இணையத்தில் எழுதினார். கீக்பெஞ்ச் சோதனை மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், தம்மிடம் சேர்ந்திருந்த வேக அளவீடுகளை வரைபடமாக்கி வெளியிட்டார். பழைய பதிப்பில் ஒரே முகடாக இருந்த அளவீடுகள் புதிய பதிப்பில் பல முகடுகளாகப் பிரிந்திருந்தன. இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 28-இல் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐ.ஓ.எஸ். 11.3 பதிப்பில் மின்கல நலம் என்ற பகுதி முதன்முறையாகத் தோன்றியது. 2020-இல் பிரான்சு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது; அமெரிக்காவில் நுகர்வோர் தொடுத்த கூட்டு வழக்கை 50 கோடி டாலர் வரை தர உடன்பட்டு ஆப்பிள் முடித்துக்கொண்டது.

ஐபேட்டுக்கு அந்தப் பகுதி அப்போதும் வரவில்லை. அதன் மின்கலம் பெரியது, திடீர் அணைவு என்ற சிக்கல் அதில் எழவில்லை, வேகமும் குறைக்கப்படவில்லை. எனவே யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. தொல்லை கொடுத்த கருவிக்கு எண் கிடைத்தது, அமைதியாகத் தேய்ந்த கருவிக்குக் கிடைக்கவில்லை என்றே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

சட்டம் கேட்ட எண்

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் திறன்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் சேர்த்துச் சூழல்வடிவமைப்பு ஒழுங்குமுறை ஒன்றை (எண் 2023/1670) இயற்றியது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் கருவிகளின் மின்கலம் 800 சுழற்சிகளுக்குப் பின்னும் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவைக் கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. நம் வரலாற்றுக்கு முக்கியமானது மற்றொரு நிபந்தனை. மின்கலம் தயாரித்த நாள், முதலில் பயன்படுத்திய நாள், சுழற்சி எண்ணிக்கை, அளக்கப்பட்ட நலம் ஆகியவற்றைக் கருவியின் அமைப்புகளிலேயே பயனர் பார்க்க இயல வேண்டும். 1995-இன் தரக்குறிப்பு கணினிக்குச் சொல்லச் சொன்னதை இச்சட்டம் மனிதருக்குச் சொல்லச் சொன்னது.

நாள் நெருங்குமுன்பே மாற்றங்கள் தொடங்கின. 2023-இல் ஆண்டிராய்டு 14 சுழற்சி எண்ணிக்கையைச் செயலிகளுக்குத் திறந்துவிட்டது. 2024 மே மாதம் வெளிவந்த எம்4 ஐபேட் புரோ, எம்2 ஐபேட் ஏர் வகைகளில் மின்கல நலம் பகுதி இடம்பெற்றது. மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதியும் உடன் வந்தது. முதல் ஐபேட்டிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு ஆண்டுகள். அதற்கு முந்தைய ஐபேட்டுகளுக்கு இந்தப் பகுதி தரப்படவில்லை. அவற்றுக்குக் கம்பியும் பதிவுக் கோப்பும்தான் வழி.

எண்ணைப் படிக்கும்போது

சுழற்சி என்பது கருவியை மின்னேற்றியில் செருகும் ஒவ்வொரு முறையையும் குறிப்பதன்று. இன்று 60 விழுக்காடும் நாளை 40 விழுக்காடும் செலவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. ஐபேட்டின் மின்கலம் 1000 முழுச் சுழற்சிகளுக்குப் பின் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்குமாறு வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் கூறுகிறது.

சுழற்சி குறைவு என்பதால் மின்கலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவும் முடியாது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாள் முழுதும் மின்னேற்றியிலேயே நிற்கும் டேப்லெட்டுக்குச் சுழற்சி ஏறுவதே இல்லை. ஆனால் எப்போதும் நிறைந்த நிலையில் சூடாகவே இருப்பதால் அது வயதில் தேய்ந்துவிடுகிறது. பழைய டேப்லெட் வாங்குவோர் சுழற்சியையும் நலத்தையும் தயாரித்த நாளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நான்கு ஆண்டுக் கருவியில் மின்கல நலம் 100 என்று காட்டினால் மகிழ்வதற்கு முன், மின்கலம் மாற்றப்பட்டதா, சில்லு திருத்தப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

எந்த எண்ணும் கிடைக்காத டேப்லெட்டுக்கு யு.எஸ்.பி. மின்னளவி ஒன்றை மின்னேற்றிக்கும் கம்பிக்கும் நடுவே வைத்துத் தோராயமாக அளக்கலாம். திரையை அணைத்து, 10 விழுக்காட்டிலிருந்து 90 வரை ஏற்றி, புகுந்த ஆற்றலைக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே பலர் தவறுவது அலகில். அளவி காட்டும் மில்லி ஆம்பியர்-மணி 5 வோல்ட்டிலோ அதற்கு மேலோ அளந்தது. மின்கலத்தின் மேல் அச்சிட்டிருப்பது ஏறத்தாழ 3.8 வோல்ட்டுக்குரியது. எனவே இரண்டையும் வாட்-மணியாக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். ஏறும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாவதால் உண்மைக் கொள்ளளவு அளந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

சில்லால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. மூப்படைந்த மின்கலத்துக்குள் வாயு சேர்ந்து அது உப்பலாம். திரை ஓரத்தில் சட்டகத்தை விட்டு மெல்ல எழும்பும். மேசையில் வைத்தால் டேப்லெட் ஆடும். கண்ணாடியில் நிறம் மங்கிய திட்டு தெரியும். அத்தகைய கருவியை உடனே மின்னேற்றியிலிருந்து கழற்றி, அணைத்து, திரையை அழுத்தாமலும் நெம்பாமலும் பழுதுநீக்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும். அப்போது நலம் எத்தனை விழுக்காடு என்று திறந்து பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.